சம்ப் குழியில் கிடைத்த கல்

நித்யா அந்த விளக்கை அணைத்த சாயங்காலத்தை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அஸ்தினாபுரத்தில் என் தங்கை கமலா வீட்டின் பின்பக்கம். பின்பக்கம் என்றால் மரமும் கிணறும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாஷிங் மெஷின், துணி காயப்போடும் கொடி, இரண்டு செம்பருத்தித் தொட்டி, தரைக்கடியில் புதிதாகக் கட்டிய தண்ணீர் சம்ப், அதன்மேல் சிமெண்ட் மூடி. மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானும் கமலாவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம்.

உள்ளேயிருந்து கமலாவின் மருமகள் நித்யா வந்தாள். அவள் தன் அறையை விட்டு வெளியே வந்து பல வாரம் ஆகியிருந்தது. தலை வாரவில்லை. நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். எங்களைப் பார்க்காமல் நேராக விளக்கிடம் போய், எரிகிற திரியை விரலாலேயே நசுக்கி அணைத்தாள். கல்லைத் தூக்கிச் சூடான எண்ணெயைச் செம்பருத்தித் தொட்டியில் சாய்த்தாள். கொஞ்சம் கையிலும் வழிந்தது.

"ஐயோ, என்னம்மா பண்றே! வெளக்கு வெச்ச நேரத்துல..." கமலா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது.

நித்யா காதில் வாங்கவில்லை. கல்லைத் துண்டால் துடைத்தாள். இடது கையில் வைத்துப் பார்த்தாள். வலது கைக்கு மாற்றினாள். கல்லின் அடியில் கட்டைவிரல் போய் ஓரிடத்தில் பதிந்து நின்றது.

"அத்தை, இது வெளக்கு இல்ல," என்றாள். "பாலாடை."

கமலா என்னைப் பார்த்தாள். நான் கமலாவைப் பார்த்தேன். இரண்டு பேர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். பாவி மகளுக்குப் புத்தி பிசகிப்போய்விட்டதா?

கல் வந்த கதை

அந்த வருஷம் எங்கள் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் வழக்கத்தைவிட அதிகம். தெருவுக்குத் தெரு லாரி. இருக்கிற தொட்டி போதாது, இன்னும் பெரிதாக ஒரு சம்ப் வேண்டுமென்று கமலாவின் மகன் செந்தில் ஆள் வைத்துத் தோண்டினான். ஒரு ஆள் ஆழம் போனதும் மண் ஓடுகள் வந்தன. தடித்த செம்மண் ஓடு. சிலதில் உருண்டையாகக் கால் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ உடைத்துப் புதைத்த மாட்டுத் தொட்டி என்று நினைத்துக் கடப்பாரையால் இன்னும் நாலு போடு போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குள்ளிருந்துதான் இந்தக் கல் உருண்டு வந்தது.

கொத்தனார் மூர்த்தி அதைக் கழுவிக்கொண்டுவந்து கமலாவிடம் கொடுத்தார். "யம்மா, இத்தப் பாருமா. வெளக்காட்டம் கீது. சாமி வெளக்கா இருந்தாலும் இருக்கும், குப்பையில போட்டுறாத, பாவம்."

கமலாவுக்கு அது போதும். புளி போட்டுத் தேய்த்தாள். சீயக்காய் போட்டு ஊறவைத்தாள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டுச் சம்ப் மூடிமேல் வைத்துவிட்டாள். வேறு எந்த ஊரிலும் பூமியிலிருந்து ஒரு பழைய பொருள் கிடைத்தால் துடைக்காமல் காகிதத்தில் சுற்றி வைப்பார்களாம். நாம்தான் முதல் வேலையாக அபிஷேகம் செய்துவிடுவோம்.

அந்தக் கல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. படகு மாதிரி நீண்ட குழி. ஒரு முனை வளைந்து ஒடுங்கிக் குருவி மூக்கு மாதிரி நீண்டிருக்கும். அடிப்பாகம் உருண்டை. அந்த உருண்டையில் குறுக்குக் குறுக்காகச் செதுக்கிய கோடுகள். ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமில்லாத ஒரு பள்ளம். கல்லும் நம்ம ஊர்க் கல் இல்லை. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல் கறுப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். இது பச்சை ஓடிய மாக்கல், கல்சட்டி செய்வார்களே, அந்த ஜாதி. எங்கிருந்தோ சுமந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆளுக்கொரு பெயர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆதி மனிதன் பாடம் வந்தால் பல்லாவரத்தில் கிடைத்த கல் கோடரியைப் பற்றிப் பெருமையாக ஆரம்பிப்பேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "மேடம், எங்க வூட்டாண்டகூட நெறைய கல்லு கீது, எடுத்தாரட்டா?" வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். புத்தகச் சரித்திரம் வேறு, கையில் ஒரு கல்லைக் கொடுத்து இது என்ன என்று கேட்பது வேறு.

எனக்கும் முதலில் விளக்கு என்றுதான் பட்டது. தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சித்த மருந்து இழைக்கிற கல் என்றார். மூலைவீட்டு மாமி அபிஷேகக் கிண்ணம் என்றாள். செந்தில் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் யாரோ வேற்றுக் கிரகத்து ஆள் போட்டுவிட்டுப் போனது என்று எழுதினார். அவருக்குப் பதினைந்து பேர் கைதட்டியிருந்தார்கள். இரண்டு பெண்கள் வந்து விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கால் வைத்த ஓடுகளைப் பற்றி எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. லாரியில் ஏற்றாமல் விட்டு, மாடிப்படிக்கு அடியில் மூர்த்தி பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தபோதே மனதில் ஏதோ இடித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அப்போது இன்னொரு சாவைப் பற்றி யாரும் பேச முடியாது.

ஒரு மாதம்கூட இல்லை

சம்ப் தோண்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நித்யாவின் குழந்தை போயிருந்தது.

ஏழாம் மாசமே பிறந்துவிட்ட ஆண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் கை நீளம்கூட இல்லை. தலைக்குக் குல்லா, காலுக்குக் காலுறை, நடுவில் கொஞ்சமாகப் பிள்ளை. அதற்குச் சப்பத் தெரியவில்லை. சப்பிக் குடிக்கிற பலம் அவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு இருக்காதாம். நித்யா பாலைப் பிழிந்து கொடுப்பாள். நர்ஸ் அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவாள். கொஞ்சம் தேறியதும் நித்யாவையே புகட்டச் சொன்னார்கள்.

பாலாடை தெரியாத இளம் வாசகர்களுக்காக ஒரு வரி. சங்கு என்றும் சொல்வோம். மூக்கு வைத்த குட்டிக் கிண்ணம். வெள்ளியிலும் உண்டு, எவர்சில்வரிலும் உண்டு. சப்ப முடியாத பிள்ளைக்கு அந்த மூக்கைக் கடவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்ப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கட்டாயம் இருக்கும். நீங்களே அதில் குடித்துத்தான் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு மாதம்கூட நிறையவில்லை. ஏதோ தொற்று. ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவ்வளவு சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் போகக்கூடாது. காரியம் கிடையாது, படையல் கிடையாது, படம் மாட்டக்கூடாது, வருஷா வருஷம் நினைக்கவும் கூடாது. ஆண்கள் நாலு பேர் போய்விட்டு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டார்கள். யாரோ ஒரு பெரியவர் சொன்னார் என்று ஆஸ்பத்திரிப் பையையும் அதிலிருந்த எல்லாவற்றையும் செந்தில் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். துணி, குல்லா, பாலாடை எல்லாம்.

"அழாதேம்மா. அழுதா அடுத்தது தங்காது," என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். "பேரே வெக்கல, விட்டுத் தள்ளு."

நித்யா அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் அம்மாவின் கணக்கு

இதை எழுதும்போது எங்கள் அம்மாவின் ஞாபகம் வருகிறது. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அம்மா, "ரெண்டு பொண்ணு," என்பாள். எனக்கும் கமலாவுக்கும் நடுவில் ஒன்று பிறந்து போனது என்பதே எனக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தெரியும். அதுவும் ஒரு கல்யாண வீட்டில் சித்தி வாய்தவறிச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, ஒண்ணு இருந்துச்சு. இப்ப எதுக்கு அது? போய்ப் பால் வாங்கிட்டு வா," என்றாள். நான் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா சாகும்வரை அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. அது பையனா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கோபம் இப்போதும் உண்டு. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"உக்காராத வெளக்கு எங்கயாவது உண்டா?"

விளக்கை அணைத்த மறுநாள் நித்யா எனக்குப் போன் செய்தாள். செந்தில் அவளை மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக நாள் வாங்கியிருந்தான். அது தப்பில்லை, போக வேண்டியதுதான். ஆனால் அதற்கு அவன் சொன்ன காரணம்தான் அவளுக்குச் சுட்டுவிட்டது. "எதைப் பாத்தாலும் கொழந்தையாவே தெரியுது உனக்கு" என்றானாம்.

"பெரியம்மா, நீங்களாவது கேளுங்க. எனக்குப் பைத்தியம் இல்ல," என்றாள். அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறவள். "என் வேலையே குத்தம் கண்டுபிடிக்கிறதுதான். அடி உருண்டையா இருக்கு. அத்தை அதை நிக்கவைக்க மூணு ஜல்லிக்கல்லு முட்டுக் குடுத்திருந்தாங்க, பாத்தீங்களா? உக்காராத வெளக்கு எங்கயாவது உண்டா? கையில பிடிக்கிறதுக்குத்தான் உருண்டை. பால் பட்ட கை வழுக்கும், அதுக்குத்தான் அந்தக் கோடு. பள்ளம் இருக்கே, அங்க கட்டைவிரல் வெச்சா மூக்கு தானா கீழ சாயுது. எனக்கு நர்ஸ் அப்படித்தான் பிடிக்கச் சொல்லிக்குடுத்தாங்க."

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை.

"சரிம்மா. பாலாடையாவே இருக்கட்டும். அதனால உனக்கு என்ன?" என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் கேட்டேன், என் வாய் அப்படி.

"எல்லாரும் விடு விடுங்கறாங்க. சப்பத் தெரியாத ஒரு கொழந்தைக்காக, எங்கிருந்தோ கல்லு கொண்டாந்து, உக்காந்து குடைஞ்சு, வழுக்கக்கூடாதுன்னு கோடு போட்டு ஒருத்தர் செஞ்சிருக்காங்க. அவங்க விடு விடுன்னு சொல்லல. அது நெஜமான்னு எனக்குத் தெரியணும் பெரியம்மா."

இதற்கு மேல் என்ன கேட்பது? நான் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்.

ஜெசிந்தாவின் "லாம்"

ஜெசிந்தா என்னிடம் படித்தவள். எனக்குத் தெரியாததையெல்லாம் பிறகு தானே படித்து, இப்போது தொல்லியல் ஆராய்ச்சி செய்கிறாள். பொத்தேரியில் குடியிருக்கிறாள். எதையும் அடித்துச் சொல்லமாட்டாள். இருக்கலாம், செய்திருக்கலாம், புதைத்திருக்கலாம் என்று அவள் வாயில் எப்போதும் ஒரு "லாம்" ஒட்டிக்கொண்டிருக்கும். "எங்காளுங்க எல்லாம் தெரியலைன்னா சடங்குப் பொருள்னு எழுதிடுவாங்க மேடம். நான் தெரியலைன்னுதான் எழுதுவேன்," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தாள். பூமியில் கிடைத்ததை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் எடுத்துக்கொண்டுபோகப் பஞ்சு வைத்த ஒரு பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். கமலா, செந்தில், நித்யா, நான். கல் மட்டும் வெளியே சம்ப் மூடிமேல் இருந்தது. நித்யா போய் எடுத்துவந்து பின்வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். எங்கிருந்து வந்ததோ தெரியாத பொருளைக் கமலா வீட்டுக்குள் விடமாட்டாள்.

நித்யா தான் கண்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஜெசிந்தா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றது நல்லாவே பொருந்துது நித்யா," என்றாள். "நிச்சயமா சொல்லணும்னா ஒரே வழிதான். மாக்கல்லு கொழுப்பை உறிஞ்சி வெச்சுக்கும். உள்ள பழைய பால் கொழுப்பு இருந்தா லேப்ல சொல்லிடலாம்."

நித்யாவின் முகம் மலர்ந்தது. பல மாதம் கழித்து அந்த முகத்தை அப்படிப் பார்த்தேன்.

"ஆனா இதுல நல்லெண்ணெய் ஏறியிருக்கு," என்று ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள். "புளி, சீயக்காய் வேற. தெனமும் எரிஞ்ச சூடு. இனிமே சோதிச்சா உங்க வீட்டு எண்ணெய்தான் வரும். ஸாரி."

நித்யா கமலாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா அத்தை? இதையும் அழிச்சிட்டீங்க. அவனோட பையைத் தூக்கிப்போட்டீங்க. துணியைப் போட்டீங்க. எனக்குன்னு ஒண்ணு கெடச்சுது, அதையும் தேய்ச்சுக் கழுவி எரிச்சு முடிச்சிட்டீங்க. இன்னும் என்ன இருக்கு அழிக்கிறதுக்கு?"

"நித்யா..." என்றான் செந்தில்.

"நீங்க பேசாதீங்க. நீங்கதான் பேசவே மாட்டீங்களே."

கமலா ஏற்றிய விளக்கு

என் தங்கை வாயாடி. தெருவில் அவளிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. அன்றைக்கு முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் யாருக்கு வெளக்கு ஏத்தினேன்னு நெனச்சே?"

முந்தானை நுனியை விரலில் இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

"சாமி ரூம்ல அவனுக்கு ஏத்தக்கூடாது. குத்துவெளக்குல ஏத்தக்கூடாது. படம் இல்ல, பேர் இல்ல. நம்ம வழக்கத்துல அவனுக்கு எதுவும் கெடையாது. எம் பேரன் ஆச்சே, நான் என்ன பண்றது? மண்ணுலேருந்து ஒரு வெளக்கு வந்துச்சு. யாரோடதோ. இதுல ஏத்தினா எந்த சாமி கோச்சுக்கும், எந்த மனுஷன் கேப்பான்னு வெளிய வெச்சு ஏத்தினேன். தெனம் அவனுக்குத்தான் ஏத்தினேன். உங்கிட்ட சொல்லலாமான்னு தெரியல. சொன்னா அழுவேன்னு பயமா இருந்துச்சு."

நானும் தினமும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தெரியாது. எங்கள் அம்மா வளர்த்த பெண் அல்லவா, கமலாவும் அப்படித்தான் இருப்பாள்.

நித்யா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் எங்கே போனதோ, வேறு என்ன வந்ததோ, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. செந்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஜெசிந்தா பாவம், வெளியாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கே போய்க் கல்லை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.

வாயும் பிடியும்

வெகுநேரம் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். மூக்கு முனையில் விரல் நுனியை வைத்துத் தடவினாள். அடியைத் தடவினாள். மறுபடி மூக்கு.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் தயங்கி. "நித்யா, இது உங்களுக்குச் சாதகமா இல்ல. சொல்லாம இருந்தா தப்பு."

"சொல்லுங்க மேடம்."

"ஊத்துறதுக்குச் செஞ்ச பாத்திரம்னா மொதல்ல தேயறது மூக்குதான். மாக்கல்லு மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் மழுங்கிடும். இதுல மூக்கு இன்னும் கூரா இருக்கு, உளி வெச்ச தடம்கூடத் தெரியுது. அதிகமா ஊத்தியே இருக்க மாட்டாங்க. ஆனா கீழ பாருங்க. பள்ளமும் கோடும் வழவழன்னு ஆயிருக்கு. சில எடத்துல கோடே காணோம். இது புளி வெச்சுத் தேய்ச்சதால வந்தது இல்ல. வருஷக்கணக்கா கை பட்டாத்தான் கல்லு இப்படி ஆகும். ஊத்தவே ஊத்தாம, கையில மட்டும் பிடிச்சுக்கிட்டே இருக்கிற பாத்திரம் எது? எனக்குப் புரியல. அதான் பாலாடைன்னு எழுதத் தயக்கமா இருக்கு."

மாடிப்படிக்கு அடியிலிருந்த ஓடுகளையும் அவள் வரும்போதே பார்த்திருந்தாள்.

"அந்த ஓடும் இடிக்குது. அது மாட்டுத் தொட்டி இல்ல. செத்தவங்களை வெச்சுப் புதைக்கிற மண் பேழை. கால் இவ்ளோ தடிமன்னா பேழை பெரிசு. கொழந்தையோடது இல்ல. வயசான ஆளாக்கூட இருக்கலாம். பெரிய ஆளோட புதைகுழியில பாலாடை எதுக்கு?"

புதைகுழி என்றதும் கமலா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "பொணத்தோட வெச்சதா?" என்றாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் செருப்பைக்கூடக் கழுவுகிறவள் அவள்.

நித்யா கையை நீட்டினாள். ஜெசிந்தா கல்லைக் கொடுத்தாள். நித்யா மூக்கு முனையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு மேடம்," என்றாள்.

"எது?"

"அவ ஊத்தினது கொஞ்ச நாள்தான். மூக்கு தேயற வரைக்கும் அந்தக் கொழந்தை இல்ல." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அதுக்கப்புறம் அவ இதைக் கையிலயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. கெழவி ஆகிற வரைக்கும். சாகும்போது கூட வெச்சுடுங்கன்னு கேட்டிருப்பா. அவங்களும் வெச்சிருக்காங்க."

வெளியே கேஸ் சிலிண்டர் வண்டிக்காரன் குறடால் தட்டிக்கொண்டு போனான்.

ஜெசிந்தா பூதக்கண்ணாடியை மடக்கினாள். "ஆமா," என்றாள். "அப்படித்தான்." அவள் வாயில் "லாம்" இல்லாமல் ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பஞ்சு வைத்த பெட்டியைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். "இன்னைக்கு லீவுதானே. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கறேன் நித்யா."

நித்யா எழுந்து, கல்லைச் சம்ப் மூடிமேல் வைப்பதற்காகப் பின்பக்கம் போகத் திரும்பினாள்.

"எங்க போறே?" என்றாள் கமலா. "உள்ள எடுத்துட்டுப் போ. உன் ரூமுக்கு."

"பொணத்தோட பொதைச்சது அத்தை."

"தெரியும். எடுத்துட்டுப் போ."

நித்யா கல்லை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவில் நடந்து உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்டது. பிள்ளை போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத அழுகை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து, நிறுத்தாமல் அழுதாள்.

செந்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தன் அம்மாவைப் பார்த்தான்.

"என் மூஞ்சிய ஏன்டா பாக்குறே?" என்றாள் கமலா. "நீயும் போய் அழுடா."